குயில் குஞ்சுக்குக் கூவ யார் சொல்லிக் கொடுத்தது?

கேள்வி: கீழக்கரை வாசகர், 2024 ஏப்ரல் 11

"பறவைக் குஞ்சு பெரிய பறவை பாடுவதைக் கேட்டுத்தான் பாட்டுப் படிக்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். எங்கள் தெரு வேம்பில் வருஷா வருஷம் காக்கைக் கூட்டில் குயில் குஞ்சு வளர்கிறது. காக்கை ஊட்டுகிறது, காக்கை கத்துவதைக் கேட்கிறது. பெரிசானதும் குக்கூ என்றுதான் கூவுகிறது, ஒருநாளும் கா என்று கரைந்ததில்லை. அப்படியென்றால் பாட்டு ரத்தத்திலேயே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? படிப்பது, பழகுவது எல்லாம் மனிதனைப் பார்த்து நாம் கட்டிய கதை."

ஏப்ரல் 11, இரவு

குயிலைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. பறவைகள் எல்லாவற்றுக்கும் அதைப் பொதுவாக்கியதுதான் சரியில்லை.

குயில் எவ்வளவு இனிமையாகக் கூவினாலும் பறவையியல் கணக்கில் அது பாடும் பறவை வகையில் வராது. காக்கை வரும்! காக்கை, சிட்டுக்குருவி, தேன்சிட்டு, தவிட்டுக்குருவி, தூக்கணாங்குருவி, குண்டுகரிச்சான் எல்லாம் ஒரே வகை. குரலைக் கேட்டுப் படிக்கிற பறவைகள் என்று உறுதியாகத் தெரிந்தவை மூன்று கூட்டம்தான்: இந்தப் பாடும் பறவைகள், கிளிகள், அமெரிக்காவில் இருக்கிற ஹம்மிங் பேர்டுகள். கோழி, புறா, குயில் எல்லாம் வேறு. இன்குபேட்டரில் பொரித்த சேவல் குஞ்சு ஒரு சேவலைக்கூடப் பார்க்காமல் வளர்ந்தாலும் கூவத்தான் செய்யும். குயிலும் அந்தக் கட்சி.

ஏப்ரல் 12

ஒன்று விட்டுப்போனது. அடுத்தவன் கூட்டில் வளர்கிற பறவைக்குப் பாட்டு பிறவியிலேயே இருந்தாக வேண்டும். ஊட்டியவரிடம் படித்தால் குயில் ஆண் கா கா என்று கத்தும், பெண் குயில் திரும்பிக்கூடப் பார்க்காது.

கீழக்கரையில் அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவீர்கள், எங்கள் தங்கச்சிமடத்தில் அப்படி இல்லை. ஐம்பது மைல்கூட இல்லாத தூரத்தில் சொல் மாறிவிடுகிறது. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஏப்ரல் 19

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி நாலு நாள். விசைப்படகுகள் 61 நாள் கடலுக்குப் போகாது. எங்களைப் போன்ற எஞ்சின் மெக்கானிக்குகளுக்கு இதுதான் சீசன், வருஷத்து வேலையெல்லாம் இந்த இரண்டு மாதத்தில் வந்து குவியும். காலை நாலரைக்கே எழுந்துவிடுகிறேன். அதனால்தான் இந்தப் பறவையைக் கவனிக்க முடிந்தது.

வீட்டுக்குப் பின்னால் மல்லிகை நாற்றுப் பாத்தி. அதன் ஓரத்தில் ஒரு மொட்டைப் பனை, இடி விழுந்து தலை போனது. அந்தப் பனையின் பொந்தில் குண்டுகரிச்சான் ஜோடி கூடு கட்டியிருக்கிறது. கறுப்பும் வெள்ளையும், வாலைத் தூக்கித் தூக்கிப் போடும். ஆண் பறவை விடிவதற்கு முன்பே பனை உச்சியில் உட்கார்ந்துவிடும். ஒரு அடி பாடும், நிறுத்தும், வேறொரு அடி பாடும். எத்தனை விதம் என்று எண்ண முயன்று பதினொன்றோடு விட்டுவிட்டேன். ஆனால் அடிகள் பலவற்றின் முடிவில் இறங்கி வருகிற மூன்று சுரம் ஒன்று உண்டு. டீ, டூ, டி. ராமநாதபுரத்தில் அக்கா வீட்டு முருங்கை மரத்தில் பாடுகிற குண்டுகரிச்சானிடம் இந்த முடிவு இல்லை. அது வேறு மாதிரி முடிக்கிறது.

ஒரு பறவைக்கு ஒரு மாதிரி, இன்னொன்றுக்கு வேறு மாதிரி. ரத்தத்தில் மட்டும் இருந்தால் ஊருக்கு ஊர் ஏன் மாற வேண்டும்? எனக்கு இந்த ஆர்வம் தொற்றியது இங்கேதான்.

இது இன்றைய நேற்றைய கேள்வி இல்லை. 1773இல் டெய்ன்ஸ் பாரிங்டன் என்கிற ஆங்கிலேயர், தொழிலில் வழக்கறிஞர், லினெட் என்கிற சின்னப் பறவையின் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்து வானம்பாடிகளின் பக்கத்தில் வளர்த்துப் பார்த்தார். அவை லினெட் பாட்டைப் பாடவில்லை, வானம்பாடிப் பாட்டைப் பாடின. குஞ்சின் முதல் முயற்சிகளை அவர் குழந்தையின் மழலையோடு ஒப்பிட்டு எழுதினார். 250 வருஷம் முன்னால்.

மே 6

கீழக்கரைக்காரர் விடவில்லை. "வெள்ளைக்காரன் கூண்டில் நடந்தது இருக்கட்டும், நீங்கள் கண்ணால் பார்த்தது என்ன?" என்று கேட்கிறார். நியாயம்.

பார்த்தேன். நண்பர் ஒருவர் மண்டபம் ஊரில், வீட்டு மாடியில் ஃபிஞ்ச் என்கிற சின்னக் கூண்டுப் பறவைகளை வளர்க்கிறார். ஜீப்ரா ஃபிஞ்ச், பெங்காலி ஃபிஞ்ச் இரண்டும் உண்டு. ஜீப்ரா ஜோடி ஒன்று முட்டை போடும், அடைகாக்காது. அதனால் முட்டையை எடுத்துப் பெங்காலி ஜோடிக்கு வைத்துவிடுவார். ஃபிஞ்ச் வளர்ப்பவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். அப்படி வளர்ந்த ஒரு ஆண் அங்கே இருக்கிறது. அலகு சிவப்பு, கன்னத்தில் ஆரஞ்சு, பார்த்தால் சுத்தமான ஜீப்ரா. ஜீப்ரா பாட்டு ரப்பர் பொம்மையை அமுக்குகிற மாதிரி பீப் பீப் என்று இருக்கும். இது வாயைத் திறந்தால் பெங்காலியின் கரகரப்பான நீள முணுமுணுப்பு வருகிறது. அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நண்பருக்கு இது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. "அது அப்படித்தான், வளர்த்தவன் பாட்டு" என்றார்.

ஜெர்மனியில் கிளாஸ் இம்மெல்மான் இதையே முறையாகச் செய்து பார்த்து 1969இல் எழுதினார். பக்கத்துக் கூண்டில் சொந்த இனத்து ஆண் பாடிக்கொண்டிருந்தாலும் குஞ்சு ஊட்டியவனின் பாட்டைத்தான் எடுத்துக்கொண்டது.

இப்போது உங்கள் குயிலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே அடுத்தவர் கூட்டில் வளர்ந்தவை. குயில் ஊட்டியவர் குரலைத் தொடவே இல்லை. ஃபிஞ்ச் அப்படியே எடுத்துக்கொண்டது.

மே 7

வேலைக்கு நடுவில் தோன்றியது, மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். எஞ்சின் ஓடும்போது ஸ்க்ரூ டிரைவரின் முனையை பிளாக் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்போம். எந்த பியரிங், எந்த டேப்பட் என்று அதில் தெரியும். சரியான சத்தம் எது என்று மனதில் ஏற்கெனவே இருந்தால்தான் தப்புச் சத்தம் காதில் படும். புதிதாக வந்த பையனுக்கு முதல் வருஷம் எல்லாம் ஒரே இரைச்சல்தான்.

பறவையும் இதையே செய்கிறது. மசகாஸு கோனிஷி என்ற ஜப்பானிய விஞ்ஞானி அமெரிக்காவில் 1965இல் காட்டியது: பாட்டை முழுக்கக் கேட்டு முடித்த குஞ்சு, ஆனால் இன்னும் பாடத் தொடங்கவில்லை. அந்த நேரத்தில் காது போனால் பாட்டு உருப்படியாக வரவே வராது. மனதில் பாட்டு இருந்தால் மட்டும் போதாது. தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும், மனதில் இருப்பதோடு ஒத்துப்பார்த்துத் திருத்த வேண்டும்.

காதை எடுத்துவிட்டுச் செய்த சோதனை அது. படித்தபோது மனசு கஷ்டப்பட்டது. தெரிந்துகொண்டதை மறுக்கவும் முடியவில்லை.

ஜூன் 3

குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. மூன்று. மார்பில் புள்ளி புள்ளியாக, பழுப்பாக, வால் கட்டை. மல்லிகைப் பாத்திக்குள் தத்தித் தத்திப் போகின்றன. அப்பா இன்னும் காலையில் பாடுகிறது. குஞ்சுகள் பாட்டுக்குப் பதில் எதுவும் சொல்வதில்லை. பசிக்கு மட்டும் கத்தும்.

இந்தப் பேசாத காலம்தான் முக்கியமாம். கலிபோர்னியாவின் வெண்முடிச் சிட்டை வைத்து பீட்டர் மார்லர் கண்டது: பிறந்த பத்தாம் நாள் முதல் ஐம்பதாம் நாள் வரை டேப்பில் கேட்ட பாட்டை அது பிடித்துக்கொள்கிறது. அதற்கு அப்புறம் கேட்டால் பெரும்பாலும் ஏறுவதில்லை. ஆனால் பாடத் தொடங்குவது மாதங்கள் கழித்து. இடையில் பாட்டு உள்ளேயே கிடக்கிறது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவைச் சுற்றி ஊருக்கு ஊர் அந்தச் சிட்டின் பாட்டு மாறும். பாட்டைக் கேட்டே எந்தப் பக்கத்துப் பறவை என்று சொல்லிவிடலாம், காக்கா என்று கூப்பிட்டால் கீழக்கரை என்று நாம் சொல்லிவிடுகிற மாதிரி.

இதைப் படித்துவிட்டு அன்றிரவு தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். என் தங்கச்சி மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எங்களுக்கு அது தெரியாது. ஆறு மாதத்தில் ஊ, ஆ என்று மற்ற பிள்ளைகளைப் போலவே சத்தம் போட்டாள். தாத்தா, பாப்பா என்று எழுத்து சேர்த்து மழலை வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். "சில பிள்ளைகள் லேட்டாத்தான் பேசும்" என்று அனுப்பிவிட்டார்கள். நாங்களும் நம்பிக்கொண்டு இருந்தோம். இரண்டரை வயதில் வேறொரு இடத்தில் சோதித்துத்தான் தெரிந்தது. காப்பீட்டுத் திட்டத்தில் மூன்றரை வயதில் காக்ளியர் கருவி பொருத்தினார்கள். போன அந்த நாட்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

கருவி வைத்தவுடன் பேசிவிடுவாள் என்று நினைத்தோம். பேசவில்லை. எட்டு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தாள். குக்கர் விசில், படகு எஞ்சின், அவள் அம்மா குரல், எது வந்தாலும் திரும்பிப் பார்ப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். பயிற்சி கொடுத்த அம்மா ஒருவர் மட்டும் "விடுங்கள், உள்ளே போய்க்கொண்டு இருக்கிறது" என்பார். ஒன்பதாம் மாதம் "மா" என்றாள். இப்போது ஏழு வயது. வீட்டில் அவள் பேச்சுக்கு இடைவெளியே கிடையாது.

ஜூன் 5

இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஒருவர், பிள்ளையைப் பறவையோடு ஒப்பிடுவது தவறு என்கிறார். இன்னொருவர் சைகை மொழி ஆசிரியர். காது கேட்காத பெற்றோருக்குப் பிறந்து சைகை மொழியைப் பார்த்து வளர்கிற குழந்தைகள் கையாலேயே மழலை பேசும் என்று சொல்கிறார். தேடிப் பார்த்தேன். 1991இல் வந்த ஆய்வு, அவர் சொன்னது சரி. மொழி காது வழியாக மட்டும்தான் நுழையும் என்ற எண்ணத்தில் நான் எழுதிவிட்டேன். தவறு. கேட்கிறதோ பார்க்கிறதோ, அந்த வயதில் ஏதோ ஒரு மொழி முழுசாகப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும். எங்கள் பிள்ளைக்கு மூன்றரை வருஷம் இரண்டுமே கிடைக்கவில்லை. அப்போதே யாராவது எங்களுக்குச் சைகை சொல்லிக் கொடுத்திருந்தால் அந்த வருஷங்கள் வீணாகியிருக்காது.

ஒப்பிடக்கூடாது என்றவருக்கு: ஒப்பிட்டதால்தான் எனக்கு அந்த எட்டு மாதம் புரிந்தது. அதை நான் எடுக்கப் போவதில்லை.

ஜூன் 16

தடைக்காலம் முடிந்தது. அதிகாலையில் படகுகள் போகிற சத்தத்தில் கரிச்சான் பாட்டு பாதி கேட்கவில்லை. அதற்குக் கேட்கிறதா? குஞ்சுகளுக்குக் கேட்கிறதா? 2020 ஊரடங்கில் சான் பிரான்சிஸ்கோ பாலத்தில் வண்டி குறைந்தபோது, அதே வெண்முடிச் சிட்டுகள் குரலைத் தாழ்த்தி, ஆனால் நுணுக்கமாகப் பாடின என்று அளந்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் வருஷா வருஷம் 61 நாள் விசைப்படகு ஊரடங்குதான். குஞ்சுகள் பல அந்த நேரத்தில்தான் வளர்கின்றன.

ஆகஸ்ட் 2

பாட்டு நின்றுவிட்டது. பனை காலி. எழுத ஒன்றும் இல்லை, ஒரு திருத்தத்தைத் தவிர.

ஏப்ரல் 12இல் "அடுத்தவன் கூட்டில் வளர்கிற பறவைக்குப் பாட்டு பிறவியிலேயே இருந்தாக வேண்டும்" என்று அடித்துச் சொன்னேன். அது தவறு. ஆப்பிரிக்காவில் இண்டிகோ பேர்ட் என்று ஒன்று உண்டு, அதுவும் பாடும் பறவை. ஃபயர் ஃபிஞ்ச் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அதன் ஆண் குஞ்சு வளர்த்தவனின் பாட்டையே படித்துப் பாடுகிறது. பெண் குஞ்சும் அதே வீட்டுப் பாட்டைக் கேட்டு வளர்ந்தது என்பதால் அந்தப் பாட்டைப் பாடுகிற இண்டிகோ ஆணைத் தேடிப் போகிறது! வளர்ப்பு வீட்டுப் பாட்டே இனத்தின் அடையாளம் ஆகிவிடுகிறது. நான் "ஆக வேண்டும்" என்று எழுதியதைப் பறவை வேறு வழியில் சமாளித்திருக்கிறது. கீழக்கரைக்காரர் இதைப் பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன், அவரும் விட்டுவிட்டார்.

செப்டம்பர் 22

இன்று ஞாயிறு, வீட்டில் இருந்தேன். பதினொரு மணி வெயில். கிணற்றடிக் கறிவேப்பிலைச் செடிக்குள் ஏதோ முனகுகிற மாதிரி சத்தம். தூரத்தில் ரேடியோ ஓடுகிறதோ என்று நினைத்தேன். நடந்து போனால் சத்தம் பெரிதாகவில்லை, அவ்வளவு மெல்லியது. குனிந்து பார்த்தால் குண்டுகரிச்சான் இளசு. மார்புப் புள்ளி பாதி போய், திட்டுத் திட்டாகக் கறுப்பு வந்திருக்கிறது. உடம்பை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, அலகைத் திறக்காமலே தொண்டை மட்டும் அசைகிறது.

சீக்கு வந்த குருவி என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துவரத் திரும்பினேன். அதற்குள் தங்கச்சி மகள் வந்து, "மாமா, அது பேசிப் பழகுது" என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இதைத்தான் பாரிங்டன் எழுதினார். மழலைப் பாட்டு. அடி கிடையாது, நிறுத்தம் கிடையாது, எல்லாம் குழம்பிப்போய் ஒரே இழுவை. ஏறுகிறது, கீச்சிடுகிறது, கரகரக்கிறது, திடீரென்று தெளிவாக ஒரு சுரம், மறுபடியும் குழப்பம். யாரையும் கூப்பிடுவதற்கு இல்லை. எல்லை பிடிக்கவும் இல்லை. தனக்குத்தானே. கிட்டத்தட்ட இருபது நிமிஷம் விடாமல்.

போனில் மெர்லின் செயலியைப் போட்டேன். அது சத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும். திரையில் அடியிலிருந்து உச்சிவரை கோழி கிளறின மாதிரிக் கோடுகள். உச்சியில் இருந்த கோடுகள் எனக்குக் காதில் விழவே இல்லை. முப்பது வருஷம் எஞ்சின் பக்கத்தில் நின்றது அந்தச் சத்தங்களை எடுத்துக்கொண்டுவிட்டது. பிள்ளையிடம் கேட்டேன், "இப்போ கேக்குதா?" ஒவ்வொரு முறை மேலே கோடு விழும்போதும் சரியாகத் தலையை ஆட்டினாள். கருவி வழியாக.

செப்டம்பர் 23

நேற்று ஆர்வத்தில் எழுதினேன், இன்று யோசித்தால் இரண்டு சந்தேகம்.

ஒன்று, இது பனைக் குஞ்சுதானா? காலில் அடையாள வளையம் போடவில்லை. இந்த வயதுப் பறவை பெற்றோர் இடத்தை விட்டுப் போய்விடுவதும் உண்டு, வேறிடத்து இளசு இங்கே வருவதும் உண்டு. அதே பறவை என்று நான் ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான்.

இரண்டு, மேலே பல இடத்தில் ஆண்தான் பாடும் என்கிற தொனியில் எழுதியிருக்கிறேன். குண்டுகரிச்சானில் பெண்ணும் பாடும், குறைவாக. ஜீப்ரா ஃபிஞ்சில் பெண் பாடாது. ஐரோப்பா, வட அமெரிக்காப் பறவைகளை மட்டும் பார்த்து ரொம்ப நாள் பெண் பாடுவதை விதிவிலக்கு என்று நினைத்திருந்தார்கள். 2014இல் உலகம் முழுவதும் கணக்கெடுத்தபோது, பார்த்த பாடும் பறவை இனங்களில் 71 சதவீதத்தில் பெண்ணும் பாடுகிறது என்று வந்தது. ஆதியில் இரண்டுமே பாடியிருக்கும் என்பது அந்த ஆய்வின் முடிவு. நம் பக்கத்துத் தோப்புகளை அன்றே யாராவது கேட்டிருந்தால் இந்தத் தப்பெண்ணம் வந்திருக்காது.

கறிவேப்பிலைப் பறவையின் கறுப்பு பளபளக்கிறது. ஆண் என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 25

கரிச்சான் என்றால் இரட்டைவால் குருவி இல்லையா என்று ஒருவர் கேட்கிறார். அது வேறு. அதற்குக் கருவாட்டுவாலி என்றும் பெயர் உண்டு. கருவாடு காயப்போடுகிற ஊரில் அந்தப் பெயர் எடுபடாமல் இருக்குமா! அதுவும் பாடும் பறவைதான். வைரி என்கிற வேட்டைப் பறவையைப் போலக் கத்தி மைனாக்களை விரட்டும். அதைப் பற்றித் தனியாக எழுதத்தான் வேண்டும், இங்கே போட்டால் இழை ஓடிவிடும்.

அக்டோபர் 14

இன்று காலை அது நேற்று மாலையைவிட மோசமாகப் பாடியது. மூன்று நாளாக இப்படித்தான். மாலைக்குள் கொஞ்சம் தேறும், விடிந்தால் பழைய குழப்பம். மறந்துவிடுகிறதோ என்று கவலைப்பட்டேன்.

கவலைப்பட வேண்டாமாம். ஜீப்ரா ஃபிஞ்ச் குஞ்சுகளைப் பாடிய ஒவ்வொரு நாளும் பதிவு செய்து 2005இல் வெளியிட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் இரவுத் தூக்கத்துக்குப் பின்னும் பாட்டு கொஞ்சம் கலைந்துபோகிறது, பகலில் மறுபடியும் கட்டிக்கொள்கிறது. இதில் ஆச்சரியம், காலையில் அதிகமாகக் கலைந்த குஞ்சுகள்தான் கடைசியில் கேட்டுப் படித்த பாட்டுக்கு மிக நெருக்கமாக வந்தன.

பட்டறைப் பையனிடம் இதைச் சொன்னேன். நாசில் கழற்றி மாட்டுவதைத் தினமும் புதிதாகப் படிக்கிற பையன். ஒன்றும் சொல்லாமல் சிரித்தான்.

நவம்பர் 24

நாலு நாள் கரண்ட் இல்லை. 20ஆம் தேதி பெய்த மழையைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள், ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீட்டருக்கு மேல். தங்கச்சிமடத்திலும் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மல்லிகை நாற்று மொத்தமும் போய்விட்டது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வருஷத்துக்கு அதுதான் வருமானம். மொட்டைப் பனை சாய்ந்துவிட்டது.

பெரிய ஆணைக் காணோம். மழைக்கு முன்பு தினமும் கிணற்றடியில் புழு பொறுக்கும்.

பெரியவர்கள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்கிறது. ரீஜன்ட் ஹனி ஈட்டர் என்கிற தேனுண்ணிப் பறவை காட்டில் சில நூறுதான் மிச்சம். அவ்வளவு பரந்த நிலத்தில் அங்கொன்று இங்கொன்றாக இருப்பதால் இளம் ஆண்களுக்குப் பாடிக் காட்டப் பெரியவர் யாரும் அருகில் இல்லை. அதனால் சில ஆண்கள் வேறு இனப் பறவைகளின் பாட்டைப் பாடித் திரிகின்றன. 2021இல் வெளியான ஆய்வு. தப்பான பாட்டைப் பாடுகிற ஆணுக்கு ஜோடி கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது. கூண்டில் வளர்த்து விடுகிற குஞ்சுகளுக்கு இப்போது பழைய பாட்டைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒரு இனம் உயிரோடு இருக்கும்போதே அதன் பாட்டு மட்டும் முதலில் செத்துப்போக முடியும். இதை எழுதும்போது கை நடுங்குகிறது, மிகையாகச் சொல்லவில்லை.

குண்டுகரிச்சான் அப்படி அருகிப்போன பறவை இல்லை. ஆனால் அந்த டீ, டூ, டி?

2025 ஜனவரி 19

இளசு இப்போது அடி பிரித்துப் பாடுகிறது. முழங்கை உயரக் கறிவேப்பிலையை விட்டு முருங்கைக்கு ஏறிவிட்டது. மூன்று சுரம் வருகிறது, ஆனால் அடியின் நடுவில், தலைகீழாக ஏறுகிறது. மனதில் இருப்பதும் தொண்டையில் வருவதும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

பெரிய ஆணின் பாட்டு என் போனில் பதிவாக இருக்கிறது, போன ஏப்ரலில் எடுத்தது. அதைப் போட்டுக் காட்டலாமா என்று ஒரு வாரம் மனசு அடித்துக்கொண்டது. போடவில்லை. ஸ்பீக்கரில் பாடினால் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று அது சண்டைக்கு வரும், அல்லது இடத்தை விட்டே போய்விடும்.

அதோடு டேப்பும் ஆளும் ஒன்றில்லை. மார்லர் சொன்ன ஐம்பது நாள் கணக்கு டேப் வைத்துப் பார்த்தது என்று ஜூனில் எழுதினேன் அல்லவா? 1984இல் பாப்டிஸ்டா, பெட்ரினோவிச் இருவரும் டேப்புக்குப் பதில் உயிருள்ள பறவையைப் பக்கத்தில் வைத்தார்கள். ஐம்பது நாள் தாண்டிய சிட்டுகளும் படித்தன. வேறு இனத்திடமும் படித்தன. அந்த வேறு இனம் எது என்று பார்த்தால் சிவப்புச் சில்லை, நம் ஊர் வயல்களில் திரிகிற பறவை! கலிபோர்னியாச் சிட்டு நம் சில்லையின் பாட்டைப் பாடியிருக்கிறது. ஜீப்ரா ஃபிஞ்சில் பெரிய ஆண் குஞ்சைப் பார்த்துப் பாடும்போது இடைவெளி விட்டு நிதானமாகப் பாடுகிறது என்று 2016இல் கண்டார்கள். பிள்ளையிடம் நாம் நிறுத்தி நிறுத்திப் பேசுகிற மாதிரி. அப்படிப் பாடும்போது குஞ்சு கூர்ந்து கேட்கிறது, நன்றாகவும் படிக்கிறது.

பயிற்சி கொடுத்த அம்மா எங்களிடம் ஓயாமல் சொன்னது, "டி.வி. முன்னால் உட்கார வைக்காதீர்கள், முகம் பார்த்து நீங்கள் பேசுங்கள்."

மார்ச் 9

காலை 5.10. கரண்ட் கம்பத்து உச்சியில். தங்கச்சி மகளை எழுப்பி முற்றத்துக்குக் கூட்டிவந்தேன். முழுக் குரலில் பாடுகிறது, வாலை விரித்து, அலகைத் திறந்து. ஏழெட்டு அடி கேட்டோம். அதில் நாலு அடிகளில் அந்த மூன்று சுரமும் கடைசியில் வந்தது. இறங்குமுகமாக. டீ, டூ, டி. ஜூன் மாதம் காதில் வாங்கியது, ஒன்பது மாதம் கழித்து.

பழைய பதிவையும் இன்றைய பதிவையும் திரையில் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டு சுரம் அச்சு. மூன்றாவது கொஞ்சம் நீளம். அதற்கு அப்புறம் நாலாவதாக ஒரு கோடு இருக்கிறது, ரொம்ப உயரத்தில். பெரிய ஆணிடம் அது இல்லை. எனக்குக் கேட்கவில்லை. பிள்ளைக்குக் கேட்கிறது, "ட்சீ" என்று செய்து காட்டுகிறாள். அது சொந்தமாகச் சேர்த்ததா, பக்கத்துத் தேன்சிட்டிடம் வாங்கியதா?

இரண்டு பதிவையும் கீழே போட்டிருக்கிறேன். கீழக்கரைக்காரரே, உங்கள் காது என்னுடையதைவிட இளசு. கேட்டுவிட்டு எழுதுங்கள்.